சூட்டர் கேம் எக்ஸ்பான்ஷனுக்கு முழு விலை கொடுக்கலாமா? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு ஒரு கணக்கு

பெரிய சூட்டர் (சுடும்) கேம்களின் எக்ஸ்பான்ஷன்கள், அதாவது ஏற்கெனவே உள்ள கேமோடு சேர்க்கும் புதிய கதை, மேப் போன்றவை, இப்போது பெரும்பாலும் 30 முதல் 50 டொலருக்குள் வருகின்றன. டெஸ்டினி 2இன் 'த விட்ச் குவீன்' 2022இல் 39.99 டொலருக்கு வந்தது. அடுத்த ஆண்டு 'லைட்ஃபோல்' 49.99 ஆனது. எக்ஸ்பான்ஷன் அளவுச் சாமானே முழு கேமின் விலையில் வருவதும் உண்டு. 2009இல் வந்த ஹேலோ 3: ஓடிஎஸ்டி, ஹேலோ 3க்கான எக்ஸ்பான்ஷனாகத்தான் தொடங்கப்பட்டது; கடைக்கு வந்தபோது விலை 59.99 டொலர். அதோடு வந்த இரண்டாவது டிஸ்க்கில் ஹேலோ 3இன் மல்டிபிளேயர் மேப்கள் (பலர் சேர்ந்து விளையாடும் களங்கள்) எல்லாம் இருந்தன. மேப்கள் இல்லாதவருக்கு அது நல்ல பேரம். ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர் ஒரே சாமானுக்கு இரண்டு தரம் காசு கொடுத்தார். ஆகவே எக்ஸ்பான்ஷன் நல்லதா என்று கேட்டுப் பயனில்லை. அதில் உங்களுக்குப் புதிதாக என்ன இருக்கிறது, அதை விலை இறங்கும் முன் விளையாடுவீர்களா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதலில் டொலரை ரூபாவாக்குங்கள். கணினி கேம்களை விற்கும் ஒன்லைன் கடையான ஸ்டீம் இலங்கைக்கு டொலரில்தான் விலை காட்டும். சில நிறுவனங்கள் தெற்காசியாவுக்கு விலை குறைத்து வைக்கும், சில வைக்காது. யூடியூப்பில் அமெரிக்காக்காரர் சொல்லும் விலையை நம்பாமல் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் 49.99 டொலர் ஏறக்குறைய 15,000 ரூபா. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி ஏற்றும் கட்டணத்தை 3 வீதம் என்று வைத்தால் 15,450. உங்கள் கார்டுக்கு உண்மையான வீதம் என்னவென்று வங்கியில் கேளுங்கள். வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு உங்கள் டெபிட் கார்டில் திறந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டு வையுங்கள். கார்ட் மறுக்கப்படுவதற்குப் பலவேளை அதுதான் காரணம்.

அந்தத் தொகை பெரிதா சிறிதா என்று அறிய, உங்கள் ஊர் கேம் கடையில் ஒரு மணித்தியாலத்துக்கு எடுக்கும் காசால் அதைப் பிரியுங்கள். கடையில் மணிக்கு 150 ரூபா என்றால் 15,450 ரூபா 103 மணித்தியாலம். எக்ஸ்பான்ஷனில் அவ்வளவு நேரம் விளையாட வேண்டும் என்றில்லை; வீட்டில் சொந்தமாக விளையாடுவதற்கும் ஒரு பெறுமதி உண்டு. ஆனால் எட்டு மணித்தியாலக் கதைக்கு அந்தக் காசு என்றால் ஒருதரம் யோசிக்கத்தான் வேண்டும்.

அடுத்து வருவதுதான் கணக்கின் முக்கியமான பகுதி. பலர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். எக்ஸ்பான்ஷன் வரும் நாளை ஒட்டி, அதை வாங்காதவர்களுக்கும் சேர்த்து ஒரு பெரிய இலவச அப்டேட் பலவேளை வரும். விளம்பரம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து காட்டும். சைபர்பங்க் 2077இன் 'ஃபாண்டம் லிபர்ட்டி' 2023 செப்டெம்பர் 26இல் 29.99 டொலருக்கு வந்தது. அதற்கு ஐந்து நாள் முன்பே வந்த 2.0 அப்டேட் எல்லாருக்கும் இலவசம். திறமை மரத்தை (பாத்திரத்தின் திறமைகளைத் தேர்ந்து கூட்டும் பட்டியலை) திருத்தியது, பொலிஸ் துரத்துவதை மாற்றியது எல்லாம் அதில்தான். புதிய கதைக்கும் புதிய பகுதிக்கும் மட்டும்தான் அந்த 29.99. (அது தனியே சூட்டர் இல்லை, சரி. ஆனால் இந்த வேறுபாட்டை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கேம் குறைவு.)

ஒரு தாளை எடுத்து, பேட்ச் நோட்ஸை (அப்டேட்டில் மாறியவற்றின் பட்டியலை) திறந்து, காசு கொடுத்தால் மட்டும் கிடைப்பவற்றை எழுதுங்கள். பிறகு அந்தப் பட்டியலில் பழையதை வெட்டுங்கள். 2010இல் மொடர்ன் வோர்ஃபெயார் 2க்கு 15 டொலருக்கு வந்த 'ஸ்டிமுலஸ் பேக்கேஜ்' ஐந்து மேப் என்று விற்கப்பட்டது. அதில் இரண்டு, முந்தைய கோல் ஒஃப் டியூட்டி 4இல் இருந்தவை. ஒரு புதிய மேப்பின் விலை 3 டொலர் இல்லை, 5 டொலர். 2023இன் மொடர்ன் வோர்ஃபெயார் 3 முழு கேமாக 69.99 டொலருக்கு வந்தபோது, தொடக்கத்தில் இருந்த 16 வழமையான மல்டிபிளேயர் மேப்களும் 2009 கேமில் இருந்து எடுத்துப் புதுப்பித்தவை. பழைய மேப்பில் விளையாட ஆசை என்றால் அது குறை இல்லை. புதியது என்று நினைத்துக் காசு கட்டினால்தான் பிரச்சினை. புதிய துப்பாக்கிகள் என்ற எண்ணிக்கையையும் அப்படியே எடுக்காதீர்கள். சுடும் விதம் மாறாமல் நிறம் மட்டும் மாறியவற்றைக் கழித்துவிடுங்கள்.

எக்ஸ்பான்ஷன் விலைக்குள் வராததையும் தேடுங்கள். த விட்ச் குவீனை 39.99க்கு வாங்கியவருக்கு அந்த ஆண்டின் புதிய டன்ஜன்கள் (சிறு குழுவாக இறங்கும் கடினமான மிஷன்கள்) கிடைக்கவில்லை. அவற்றுக்கு வேறாகக் காசு கட்ட வேண்டியிருந்தது. கடைப் பக்கத்தில் சாதாரணப் பதிப்பையும் டீலக்ஸ் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது விடுபட்டிருக்கிறது என்று தெரியும்.

வாங்கியது எவ்வளவு காலம் உங்களிடம் இருக்கும் என்பதும் விலையில் சேர்த்தி. டெஸ்டினி 2இன் 'ஃபோர்சேக்கன்' 2018 செப்டெம்பரில் 39.99 டொலருக்கு வந்தது. 2022 பெப்ரவரியில் அதன் கதைப் பகுதி கேமில் இருந்தே எடுக்கப்பட்டது. எப்போதும் ஒன்லைனில் இயங்கும் கேமுக்கு இந்த ஆபத்து உண்டு. தனியாக விளையாடும் கதை எக்ஸ்பான்ஷனுக்கு மிகக் குறைவு. டூம் எட்டர்னலின் 'த ஏன்ஷியன்ட் கோட்ஸ்' முதல் பாகம் 19.99 டொலர்தான், மூல கேம் இல்லாமலும் ஓடும். லைன் அடிக்கடி விழும் இடங்களில் இருப்பவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வகையைத்தான்.

ஒன்லைன் எக்ஸ்பான்ஷன் என்றால், வாங்க முதல் மூல கேமை இரவு எட்டுக்கும் பத்துக்கும் இடையில் திறந்து பிங்கை (சேர்வருக்குச் செய்தி போய் வரும் தாமதத்தை) பாருங்கள், ஆட்டம் கிடைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றும் பாருங்கள். மூல கேமிலேயே ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டி இருந்தால் எக்ஸ்பான்ஷனில் இன்னும் மோசமாகும். காசு கொடுத்தவர்கள் மட்டும் நுழையும் மேப், ஆட்களை இரண்டாகப் பிரித்துவிடும். பழைய பெட்டில்ஃபீல்ட் கேம்களில் மேப் பேக் சேர்வர்கள் வெறுமையாகக் கிடந்தது இதனால்தான். 2016இல் டைட்டன்ஃபோல் 2 மேப்களை இலவசமாகவே விட்டது. சேர்ந்து விளையாடும் கூட்டாளிகள் நாலு பேரில் இரண்டு பேர் வாங்கமாட்டார்கள் என்றால் உங்களுக்கும் அது பாதி எக்ஸ்பான்ஷன்தான்.

டேட்டாவுக்கு ஒரு சூத்திரம்: ஜிபி அளவை 8000ஆல் பெருக்கி, எம்பிபிஎஸில் உள்ள லைன் வேகத்தால் பிரித்து, 3600ஆல் பிரித்தால் மணித்தியாலம் வரும். 80 ஜிபி, 10 எம்பிபிஎஸ் லைனில் ஏறக்குறைய 18 மணித்தியாலம். 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இரவு டேட்டா நேரத்துக்கு டவுன்லோடை ஒதுக்குங்கள். பகல் டேட்டாவில் ஓடினால் ரீலோட் காசும் கேமின் விலையில் சேரும். நவம்பர், டிசம்பர் மழையில் கரண்ட் போய் வரும் காலத்தில், ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கொன்சோல் அணைந்தால் அப்டேட் பழுதாகி முதலில் இருந்து தொடங்க வேண்டி வரலாம். பிஎஸ்4க்கு இன்னொரு சிக்கல்: பேட்ச் போடும்போது அது பழைய கோப்பைக் கொப்பி பண்ணும், ஆகவே பேட்சின் அளவைவிட நிறைய இடம் வெறுமையாக இருக்க வேண்டும். எக்ஸ்பான்ஷன் பிஎஸ்4க்கு வருகிறதா என்பதையும் பாருங்கள். ஃபாண்டம் லிபர்ட்டி வரவில்லை.

பிளேஸ்டேஷன்காரர்களுக்கு ஒரு பெரிய குழி இருக்கிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரில் இலங்கை என்ற நாடே இல்லை. அதனால் ஒருவர் அமெரிக்கக் கணக்கு வைத்திருப்பார், இன்னொருவர் துபாய் கணக்கு. கல்முனையிலோ காத்தான்குடியிலோ வாங்கிய டிஸ்க் வேறு உலகப் பகுதிக்கு (ரீஜனுக்கு) உரியதாக இருக்கலாம். டிஸ்க் எந்தக் கணக்கிலும் ஓடும், ஆனால் எக்ஸ்பான்ஷன் டிஸ்க்கின் பகுதியோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் காசு போகும், சாமானும் இறங்கும், கேமுக்குள் மட்டும் ஒன்றும் தெரியாது. பெட்டியில் உள்ள பகுதி எண்ணைப் பாருங்கள்: 1 அமெரிக்கா, 2 ஐரோப்பாவும் மத்திய கிழக்கும், 3 தென்கிழக்காசியா. அதே கேமுக்கு இலவச ஆட்-ஒன் ஏதும் இருந்தால் முதலில் அதை இறக்கிக் கேமுக்குள் வருகிறதா என்று சோதியுங்கள். கிஃப்ட் கார்டும் கணக்கின் நாட்டுக்கு உரியதாகவே இருக்க வேண்டும். பிளேஸ்டேஷனில் டவுன்லோட் தொடங்கிவிட்டால், சாமானில் பழுது இருந்தால் ஒழிய காசு திரும்பாது.

ஸ்டீமில் நிலைமை நல்லது. எக்ஸ்பான்ஷனை வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூல கேமை இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். முன்பு விளையாடிய நூற்றுக்கணக்கான மணித்தியாலம் கணக்கில் வராது. சில எக்ஸ்பான்ஷனுக்கு இது பொருந்தாது. அப்படியானால் கடைப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தை வீணாக்கவும் கூடாது. லோஞ்சர் திறந்து கிடக்கும் நேரமும், ஷேடர் (கிராஃபிக்ஸ் கோப்புகள்) தயாராகும் நேரமும் விளையாடிய நேரமாகவே எண்ணப்படும். ஆகவே கிராஃபிக்ஸ், கட்டுப்பாடு எல்லாவற்றையும் வாங்க முதலே மூல கேமில் சரிசெய்து வையுங்கள். வாங்கியதும் நேரே புதிய கதையின் முதல் மிஷன், பிறகு புதிய மேப்பில் இரண்டு ஆட்டம். ஒன்றரை மணித்தியாலத்தில் நிறுத்தி முடிவெடுங்கள். காசைத் திருப்பி எடுத்தால், வேறு கேம் வாங்கும் எண்ணம் இருப்பவர் ஸ்டீம் வொலட்டுக்கே எடுப்பது நல்லது. கார்டுக்குத் திரும்பும்போது டொலர் வீத வித்தியாசத்தில் கொஞ்சம் தேயலாம்.

முதல் வாரமே கூட்டாளிகளோடு இறங்கும் எண்ணம் இல்லாவிட்டால், கதைக்காக மட்டும் என்றால், பொறுங்கள். ஸ்டீமின் பெரிய தள்ளுபடிகள் ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும். 2022 பெப்ரவரியில் 39.99க்கு விற்ற த விட்ச் குவீன், 2023 டிசம்பரில் எபிக் என்ற ஒன்லைன் கடையில் வேறு இரண்டு எக்ஸ்பான்ஷனோடு சேர்த்து இலவசமாகவே கிடைத்தது.

பேஸ்புக்கில் பாதி விலைக்கு விற்கும் 'கணக்கு'களை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். விற்றவர் கடவுச்சொல்லை மாற்றினால் எக்ஸ்பான்ஷனோடு உங்கள் சேவ் கோப்பும் போகும், ஸ்டீமில் காசு திருப்பிக் கேட்கவும் வழியில்லை. வெளியில் வாங்கிய கீக்கும் (ஸ்டீமில் போடும் குறியீட்டுக்கும்) ஸ்டீமில் காசு திருப்பிக் கேட்க வழியில்லை. வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே கொன்சோலில் விளையாடினால், வாங்கிய கணக்கை பிஎஸ்4இல் பிரைமரியாகவோ, பிஎஸ்5இல் கொன்சோல் ஷேரிங் திறந்தோ வையுங்கள். ஒருவர் வாங்கிய எக்ஸ்பான்ஷன் மற்றவரின் கணக்கிலும் ஓடும்.