மெஷின்ல கை மாட்டிருச்சா? ஆஸ்பத்திரி சீட்டுல என்ன எழுதுறாங்கன்னு பாருங்க

முதல்ல மெயின ஆஃப் பண்ணுங்க. பதட்டத்துல கைய பிடிச்சு இழுக்காதீங்க, மெஷின ரிவர்ஸ்ல ஓட்டியும் பாக்காதீங்க, சதை இன்னும் கிழிஞ்சிரும். கை வெளிய வந்ததும் சுத்தமான துணிய வச்சு நல்லா அழுத்திப் பிடிங்க. மோதிரம் இருந்தா உடனே கழட்டிருங்க, வீங்கிட்டா அப்புறம் வெட்டித்தான் எடுக்கணும்.

விரல் துண்டாயிருச்சுன்னா நிறைய பேர் பண்ற தப்பு அத நேரா ஐஸ்ல போடுறது, அப்படி போட்டா திசு செத்துரும். லேசா கழுவி, ஈரத்துணியில சுத்தி, தண்ணி புகாத பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்த கவர ஐஸ் தண்ணியில வைங்க. ஆபரேஷன் இருக்கும், அதனால அடிபட்டவருக்கு டீ தண்ணி எதுவும் குடுக்காதீங்க. இன்னொண்ணு, ஹைட்ராலிக் ஹோஸ்லயோ கிரீஸ் கன்லயோ எண்ணெய் வேகமா பீச்சி அடிச்சு கையில சின்ன ஓட்டைதான், வலியே இல்லன்னு விட்டுராதீங்க, எண்ணெய் உள்ள போயி கையையே எடுக்க வேண்டி வரலாம்.

இப்ப முக்கியமான விஷயம். கூட வர்ற சூப்பர்வைசர் டாக்டர்கிட்ட "வீட்டுல வழுக்கி விழுந்துட்டாரு"ன்னு சொல்லுவாரு, நீங்க வலியில பேச முடியாம இருப்பீங்க, அதுதான் ரெக்கார்டுல ஏறும், பின்னாடி நஷ்ட ஈடு கேக்கும்போது உங்க எதிர்ல வந்து நிக்கிறது அந்த ஒரு வரிதான். அதனால எந்த மெஷின், எத்தன மணி, என்ன வேலை பாத்துட்டு இருந்தீங்கன்னு நீங்களோ உங்க ஆளோ வாயத் திறந்து சொல்லுங்க, எழுதுனத படிக்கச் சொல்லி கேளுங்க, காப்பி வாங்குங்க.

அதே நாள் ஷிப்ட்ல இருந்த யாரையாவது மெஷின போட்டோ எடுக்கச் சொல்லுங்க. காலையில போய் பாத்தா புது கார்டு (கை உள்ள போகாம தடுக்குற மூடி) பளபளன்னு மாட்டியிருக்கும்! சென்சார பைபாஸ் பண்ணது, ரெண்டு கையாலயும் சேத்து அழுத்த வேண்டிய பட்டன்ல ஒண்ண டேப் போட்டு ஒட்டுனது எல்லாம் போட்டோவுல வரணும். கம்பெனிக்கு எழுத்துல தெரிவிங்க, பல நாட்டுலயும் இதுக்கு ஒரு கெடு இருக்கு, தள்ளிப் போடாதீங்க. வெள்ளப் பேப்பர்ல கையெழுத்து கண்டிப்பா வேணாம்.

"உன் கவனக்குறைவுதான்"னு சொன்னா அடங்கிப் போயிராதீங்க. 1884லயே ஜெர்மனியில யார் தப்புன்னு பாக்காம இழப்பீடு குடுக்கிற விபத்து இன்சூரன்ஸ் சட்டம் வந்திருச்சு, இன்னைக்கு பல நாட்டுச் சட்டமும் அந்த வழிதான், விபத்து வேலையில நடந்துச்சான்னுதான் முதல் கேள்வி. காண்ட்ராக்ட் ஆளுன்னாலும் கேளுங்க, விசாரிக்காம விட்டுராதீங்க. கார்டு இல்லாம ஓட்டச் சொல்லவே கூடாதுன்னு ஐ.எல்.ஓ.வோட (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) 1963 ஒப்பந்தமே சொல்லுது, ஓட்டச் சொன்னவர விட்டுட்டு ஓட்டுனவர மட்டும் பிடிக்கிறது என்ன நியாயம்?

நஷ்ட ஈட்டுக்காக ஊன சதவீதம் பாக்குறதுல அவசரம் வேணாம். புண்ணு ஆறி, பிசியோதெரபி முடிஞ்சு, விரல் எவ்வளவு மடங்குதுன்னு தெரிஞ்ச பிறகு பாத்தாதான் சரியா இருக்கும். அதுக்கு முன்னாடி "மொத்தமா இத வாங்கிட்டு முடிச்சிக்கலாம்"னு வந்தா யூனியன்லயோ வக்கீல்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.

திரும்ப வேலைக்குப் போனா அதே மெஷின் அதே மாதிரி கார்டு இல்லாம இருக்கா? உயிருக்கு ஆபத்துன்னு நியாயமான காரணத்தோட ஒதுங்குற ஆளுக்கு ஐ.எல்.ஓ.வோட 1981 ஒப்பந்தம் பாதுகாப்பு குடுக்குது. ஆனா கோவத்துல வீட்டுக்குக் கிளம்பிராதீங்க, அங்கயே நின்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டு, சொன்னத வாட்ஸ்அப்லயும் ஒரு மெசேஜா போட்டு வைங்க.