துகள்களுக்கு நடுவே ஓடும் தட்டு: உராய்வை மோதலிலிருந்தே வரவழைப்பது எப்படி?

வாயுத் துகள்கள் மோதி ஒரு தட்டின் வேகத்தைக் குறைப்பதைக் கணினியில் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். பைத்தான் நிரல்மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்து, மீட்சி மோதல் (ஆற்றல் இழப்பில்லாத மோதல்) சமன்பாடும் நினைவிருந்தால் போதும். நேராக வேலைக்குப் போய்விடலாம்.

படி 1: மாதிரி

ஒரு பரிமாணத்தில் ஒரு தட்டு, இரு பக்கமும் வாயுத் துகள்கள். துகள்கள் தமக்குள் மோதிக்கொள்வதில்லை, தட்டோடு மட்டுமே மோதும். மாறாத விசை ஒன்று தட்டை முன்னே தள்ளுகிறது. உராய்வுக் கெழு என்று எதையும் நாம் கையால் நுழைக்கப் போவதில்லை. தட்டின் திசைவேகம் வே, துகளுடையது து. தட்டு மிகக் கனமென்றால் மோதியபின் துகளின் திசைவேகம் 2வே − து. தட்டு இழக்கும் உந்தம், துகள் நிறை × 2(வே − து).

படி 2: அளவை சரிபார்த்தல்

துகள் திசைவேகங்களைச் சராசரி 0 உள்ள இயல்நிலைப் பரவலிலிருந்து (மணி வடிவப் பரவல்) எடுத்து, அவற்றின் திட்ட விலக்கத்தை (சிதறலின் அளவு) 1 என்று வையுங்கள். விசையை எடுத்துவிட்டு, தட்டை மாறாத வேகத்தில் ஓட்டி எதிர்ப்பை அளந்து பாருங்கள். மெதுவாகப் போனால் 3.19 × அடர்த்தி × வே வர வேண்டும் (இங்கே அடர்த்தி என்பது ஓரலகு நீளத்தில் உள்ள துகள்களின் மொத்த நிறை). துகள்களைவிடப் பல மடங்கு வேகமாகப் போனால் 2 × அடர்த்தி × வே². இரண்டும் வராதவரை அடுத்த படி வேண்டாம்.

படி 3: நேரத்தை நகர்த்துதல்

சின்னச் சின்ன நேர அடிகளாக நகர்த்துவது எனக்குப் பிடிக்காது, மோதல்கள் நழுவிவிடும். ஒரு மோதலிலிருந்து அடுத்த மோதலுக்குத் தாவுங்கள். இதற்கு ஹீப் வரிசை (மிகச் சிறியதை எப்போதும் முதலில் தரும் பட்டியல்) நல்லது என்பார்கள். இங்கே அது வீண். ஒவ்வொரு மோதலிலும் தட்டின் வேகம் மாறுவதால், கணித்து வைத்த நேரங்கள் எதுவும் செல்லாது. நம்பை (NumPy, பைத்தானின் எண்கணிப்பு நூலகம்) அணியில் எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டு, மிகச் சிறிய நேரத்தை எடுத்துக்கொள்வதே மேல்.

படி 4: சறுக்கும் இடம்

மோதிய கணத்தில் துகளுக்கும் தட்டுக்கும் இடைவெளி பூச்சியம். அதனால் நிரல் அதே துகளை அதே நேரத்தில் திரும்பத் திரும்ப மோதவிடும், ஓட்டம் நின்றுபோகும். ‘கடைசியாக மோதிய துகளை விட்டுவிடு’ என்று ஒரு வரி சேர்த்தால் நிரல் சரளமாக ஓடும். ஆபத்தே அந்த வரிதான். முன்பக்கத்தில் மோதிய துகள் தட்டைவிடச் சற்றே வேகமாக முன்னால் போகிறது, ஆனால் தட்டு முடுக்கத்தில் இருக்கிறது. துரத்திப் பிடித்து மறுபடி மோதும். அந்த மறுமோதலையும் நீங்கள் அழித்துவிடுவீர்கள்.

சரியான வழி இது. தட்டின் முடுக்கம் மு என்றால், நேரம் நே கழித்து இடைவெளி = (து − வே)நே − மு நே²/2. இங்கே து, வே இரண்டும் மோதியபின் உள்ள மதிப்புகள். ஒரு மூலம் பூச்சியம் என்பது முன்பே தெரியும், அதை வகுத்து எடுத்துவிடுங்கள். மிஞ்சுவது நே = 2(து − வே)/மு. இது எதிர்க்குறியாக வந்தால் தள்ளிவிடுங்கள், நேர்க்குறி என்றால் உண்மையான மோதல்.

படி 5: ஏன் இத்தனை பாடு?

மறுமோதல் இல்லாவிட்டால் தட்டு தன் முற்றுத் திசைவேகத்தை (தள்ளும் விசையும் எதிர்ப்பும் சமமாகும் வேகம்) அடுக்குக்குறி வேகத்தில் நெருங்கும். இருந்தால் மந்தமாகிவிடும். 2006-இல் காப்ரினோ, மார்க்கியோரோ, புல்விரெண்டி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் இத்தகைய மாதிரிக்கு, முற்றுத் திசைவேகத்தை எட்ட மிச்சமிருக்கும் வித்தியாசம் நேரத்தின் −(ப+2) அடுக்காகக் குறைவதை நிறுவினார்கள். ப என்பது பரிமாணம்.

தோராயமாக இப்படிப் பார்க்கலாம். நெடுநேரம் கழித்து மறுபடி மோதக்கூடிய துகளின் திசைவேகம் வே-யிலிருந்து 1/நே அளவுக்குள் இருக்க வேண்டும். விசையில் அந்த வித்தியாசத்தின் வர்க்கமும் (1/நே²) வருவதால் மொத்தம் 1/நே³. பக்கவாட்டில் விலகாமலும் இருக்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு கூடுதல் திசைக்கும் இன்னொரு 1/நே. ஆக முப்பரிமாணத்தில் −5. துகள் இரைச்சலில் அது கண்ணில் படாது, ஒரு பரிமாணத்தின் −3-ஐத் தேடுங்கள். மறுமோதலோடும் இல்லாமலும் பல ஓட்டங்களின் சராசரியை எடுத்து ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: ஒரு முனையில் வெளியேறும் துகளை மறுமுனையில் நுழைத்தால் விடை பிசகுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பிசகத்தான் செய்யும், தட்டு தான் கலைத்த துகள்களையே மறுபடி சந்திக்கிறது. வெளியேறியதை நீக்கிவிட்டு, முனை ஒவ்வொன்றிலும் அலகு நேரத்துக்கு 0.4 × எண் அடர்த்தி (ஓரலகு நீளத்தில் உள்ள துகள்களின் எண்ணிக்கை) என்ற வீதத்தில் புதியவற்றை விடுங்கள். அவற்றின் வேகத்தை இயல்நிலைப் பரவலிலிருந்து எடுக்காதீர்கள். வேகமான துகள்தான் அதிகம் நுழையும் என்பதால் √(−2 மடக்கை ச) சரி. ச என்பது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட சமவாய்ப்பு எண், மடக்கை இயல்மடக்கை.