பென்சில்வேனியாவில் நாள்பட்ட வலிக்கு மருத்துவக் கஞ்சா அட்டை பெறும் முறை

இடுப்புத் தண்டுவட நரம்பு அழுந்தி இடது கால் முழுவதும் இழுக்கும் வலியோடு நான்கு ஆண்டுகள் இருந்த பிறகு, இந்த அட்டையை நான் பெற்றேன். 2016ஆம் ஆண்டின் 16ஆம் எண் சட்டம், கடுமையான நாள்பட்ட வலியையும் தகுதியுள்ள நோய்நிலைகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

விண்ணப்பத்தைத் தொடும் முன் உங்கள் குடியேற்ற நிலையைப் பாருங்கள். நான் அமெரிக்கக் குடிமகள் ஆன பிறகே விண்ணப்பித்தேன். மாநிலம் அனுமதித்தாலும், கஞ்சா பயன்பாடு குடியுரிமைக்குத் தேவையான நன்னடத்தைக்குத் தடையாகலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகக் கூறுகிறது. எச்1பி விசாவிலோ பச்சை அட்டையிலோ இருப்பவர்கள், குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

முதல் படி, மாநிலச் சுகாதாரத் துறையின் மருத்துவக் கஞ்சாப் பதிவேட்டில் கணக்குத் தொடங்குவது. நான் தடுக்கி நின்ற இடம் இதுதான். இங்கே எழுதும் பெயரும் முகவரியும், பென்சில்வேனியா ஓட்டுநர் உரிமத்திலோ மாநில அடையாள அட்டையிலோ உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். என் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால், விசாவில் என் பெயர் குடும்பப்பெயராகி, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை) என்ற மூன்றெழுத்து ஏறியது. உரிமத்திலும் அதுவே தொடர்ந்தது. குடியுரிமை பெற்றபோது அப்பாவின் பெயரைக் குடும்பப்பெயராகச் சேர்த்துச் சரிசெய்துகொண்ட நான், உரிமத்தை மாற்றாமலே புதிய பெயரில் பதிவு செய்தேன், பதிவு ஏற்கப்படவில்லை. முதலில் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்திலும், பின்னர் ஓட்டுநர் உரிமம் வழங்கும் மாநிலப் போக்குவரத்துத் துறையான பென்டாட்டிலும் பெயரை மாற்றிய பிறகே வழி திறந்தது. ஆகவே உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை அப்படியே பாருங்கள். சரியென்று நீங்கள் நினைக்கும் பெயரை எழுதாதீர்கள்.

அடுத்தது மருத்துவர். எல்லா மருத்துவரும் சான்றளிக்க முடியாது; நான்கு மணி நேரப் பயிற்சி முடித்துச் சுகாதாரத் துறையில் பதிவு செய்தவர்களின் பட்டியல் அத்துறையின் தளத்தில் உள்ளது. அந்தப் பட்டியலில் வலிநோய் நிபுணரைத் தேடுங்கள் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் நீங்கள் ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளோடு இது எப்படிச் சேரும் என்பதை அவரால்தான் நிதானமாகச் சொல்ல முடியும். எம்ஆர்ஐ அறிக்கை, பிசியோதெரபிக் குறிப்புகள், பயன்தராமல் போன மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றைக் கொண்டு செல்லுங்கள். வலியைப் பதிவு செய்யச் செயலிகள் பல இருந்தாலும், எனக்குச் சாதாரண நோட்டுப் புத்தகமே உதவியது: எத்தனை மணிக்கு விழித்தேன், எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது என்ற இரண்டு வரிகளை மருத்துவர் பக்கம் பக்கமாகப் படித்தார். இந்தச் சந்திப்புக்கான கட்டணத்தை என் காப்பீடு ஏற்கவில்லை.

மருத்துவர் சான்றைப் பதிவேட்டில் ஏற்றியதும், மீண்டும் உள்நுழைந்து ஆண்டுக் கட்டணமான 50 டாலரைச் செலுத்த வேண்டும். மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான மருத்துவ உதவி), ஸ்னாப் (உணவு உதவி) போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. அட்டை அஞ்சலில் வரும்.

மருத்துவக் கஞ்சா விற்கும் உரிமம் பெற்ற கடையான டிஸ்பென்சரியில் எண்ணெய், மாத்திரை, களிம்பு, உலர் இலை எல்லாம் கிடைக்கும். இலையை ஆவியாக்கி உள்ளிழுக்கலாமே தவிர, புகைக்கச் சட்டம் இடம் தரவில்லை. வாங்கியதை டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் கொண்டு செல்வதுகூட கூட்டரசுச் சட்டப்படி குற்றமே.

பின்சேர்க்கை: வீடு மாறிய வாசகர் ஒருவருக்கு முகவரி பொருந்தாமல் பதிவு நின்றுவிட்டது, பென்டாட் தளத்தில் முகவரியை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே செல்ல முடியாத தாய்க்காக வாங்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டார். முடியும், ஆனால் நீங்கள் பராமரிப்பாளராகத் தனியே பதிவு செய்து, குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். அம்மா பச்சை அட்டையில் இருந்தால், இருவருக்கும் சேர்த்தே வழக்கறிஞரிடம் கேளுங்கள்.