சர் சார்லஸ் கூட்டின் வரலாற்றை எழுதத் தொடங்குபவருக்கு

17ஆம் நூற்றாண்டு அயர்லாந்தில் பாரனெட் என்னும் பரம்பரைப் பட்டம் பெற்ற ஒருவரைப் பற்றி எழுத முனைபவர், முதலில் தந்தையையும் மகனையும் பிரித்துக்கொள்ள வேண்டும். பட்டம் மூத்த மகனுக்குச் செல்லும். பெயரும் பல குடும்பங்களில் அதோடு சேர்ந்தே செல்லும். 1621இல் பாரனெட் ஆன சர் சார்லஸ் கூட், 1642 மே மாதம் டிரிம் நகரில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். மவுன்ட்ராத் பிரபுவாக உயர்ந்து 1661இல் இறந்தவர் அதே பெயருடைய அவருடைய மகன். ஆகவே, 1642 மே மாதத்துக்குப் பிந்தைய நிகழ்ச்சி எதையும் தந்தையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அடுத்து ஆண்டுக் கணக்கு. அன்றைய ஆவணங்களில் புத்தாண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறக்கும். '1641 பிப்ரவரி' என்று ஒரு கடிதத்தில் இருந்தால், நம் கணக்கில் அது 1642. அயர்லாந்தில் ஆங்கிலேய ஆட்சிக்கு எதிரான கத்தோலிக்கரின் கிளர்ச்சி 1641 அக்டோபர் 23 அன்று வெடித்தது; எனவே இந்தத் திருத்தத்தைச் செய்யாதவரின் நூலில், கிளர்ச்சியை அடக்கக் கூட் செய்த செயல்கள் கிளர்ச்சிக்கு எட்டு மாதம் முன்பே நடந்தவையாகிவிடும். '1641/42' என்று இரண்டு ஆண்டுகளையும் குறித்து வைப்பதே பாதுகாப்பு.

பாரனெட் பட்டம் பரம்பரை உரிமையாக இருந்தாலும் பிரபுக்கள் அவையில் இடம் தராது. குயின்ஸ் கவுன்டியின், அதாவது இன்றைய லீஷ் மாவட்டத்தின், உறுப்பினராக இருந்த கூட்டை அயர்லாந்து நாடாளுமன்றத்தின் கீழவைப் பட்டியலிலேயே தேட வேண்டும். 1922 ஜூன் மாதம் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்ததில் மூல ஏடுகள் பல அழிந்தன. அதற்கு முன் அச்சேறிய தொகுப்புகள் பல இடங்களில் நமக்கு மூலத்தின் இடத்தில் நிற்கின்றன.

எல்லாவற்றையும்விட நிதானம் தேவைப்படுவது, டப்ளின் டிரினிட்டி கல்லூரி 31 தொகுதிகளாகப் பாதுகாக்கும் 1641 கிளர்ச்சி பற்றிய வாக்குமூலங்களில்தான். ஏறத்தாழ 8,000 சாட்சியங்கள் கொண்ட இத்தொகுப்பில் பெரும்பாலானவை, வீடு வாசல் இழந்த புராட்டஸ்டண்ட் குடியேறிகள் சொன்னவை. சாட்சி தாமே கண்டாரா, பிறர் சொல்லக் கேட்டாரா என்பதை ஒவ்வொன்றிலும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். டப்ளினுக்குத் தெற்கே உள்ள விக்லோவில் கூட்டின் படை பொதுமக்களைக் கொன்றதை அறிய, கத்தோலிக்கர் தரப்பு எழுத்துகளையும் தேடிப் படித்தாக வேண்டும். ஒரு தரப்பு அவரை வீரர் என்றது. மறு தரப்பு கொடியவர் என்றது. இரண்டையும் கலந்து நடுவில் ஒரு மனிதரைப் புனைவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. இன்னார் இன்ன நாளில் இப்படிச் சொன்னார் என்று பெயரோடும் தேதியோடும் எழுதுங்கள்.