"வீட்டில் யாருக்காவது சுகர் இருக்கா?"

பெங்களூரு அல்சூரில் தங்கைக்குத் தாயி கார்டு (கர்ப்பிணிகளுக்கான மருத்துவ அட்டை) போடப் போயிருந்தோம். நர்ஸ் கன்னடத்தில் கேட்டார்: "மனேல்லி யாரிகாதரு ஷுகர் இதியா?" தங்கை பட்டென்று "இல்ல" என்றாள். பக்கத்திலேயே அம்மா உட்கார்ந்திருக்கிறார், தினமும் காலையில் சுகருக்கு அரை மாத்திரை மெட்ஃபார்மின் போடுகிறவர். வெளியே வந்து அம்மாவிடம் கேட்டால், "எனக்கென்னடி, பார்டர்லதானே இருக்கு!"

கர்ப்பகாலச் சர்க்கரையில் பலரும் செய்யும் தவறு இதுதான். மாத்திரை அரையோ முழுசோ, சுகர் சுகர்தான். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள், இவர்களில் ஒருவருக்கு டைப் 2 (பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் சுகர்) இருந்தாலே நமக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. அக்காவுக்குப் பிரசவத்தின்போது மட்டும் வந்து போயிருந்தாலும் சொல்லிவிடுங்கள். சிலர் மாமியாரின் சுகரை மறக்காமல் சொல்வார்கள், சொந்த அப்பாவுடையதை விட்டுவிடுவார்கள். தாயின் சர்க்கரைக்கு அவளுடைய பிறந்த வீடுதான் கணக்கு.

"நான் ஒல்லி, எனக்கு வராது" என்பதும் சரியில்லை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினை மந்தப்படுத்துகின்றன. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்க வேண்டும். டிசிஎஃப்7எல்2, எம்டிஎன்ஆர்1பி போன்ற மரபணுக்களில் சில வகை மாற்றங்கள் இருந்தால் அந்தக் கூடுதல் சுரப்பு தடுமாறும். அதற்கு உடம்பு பருமனாக இருக்க வேண்டியதில்லை. சென்னை டாக்டர் வி. சேஷய்யா கர்ப்பிணிகள் எல்லாருக்கும் டெஸ்ட் வேண்டும் என்று வலியுறுத்தினார். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. முதல் மாதங்களில் நார்மல் வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும், ஹார்மோன்கள் ஏறுவது அப்போதுதான்.

ஜீன் டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: பெரும்பாலும் வீண் செலவு. இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம்தான் கூட்டும். குளுக்கோஸ் தண்ணீர் சொல்வதற்கு மேல் அந்த ரிப்போர்ட் சொல்லாது.

ஒரு விதிவிலக்கு உண்டு, ஜிசிகே. சர்க்கரை ஏறுவதைக் கணையத்துக்கு உணர்த்தும் குளுக்கோகைனேஸ் என்ற நொதியை உருவாக்கும் மரபணு அது. அதில் கோளாறு இருந்தால் வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே ஏறக்குறைய 100-க்கும் 145-க்கும் நடுவில் நிற்கும். பிரசவத்துக்குப் பிறகும் இறங்காது. குழந்தைக்கு அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால், தாய்க்கு இன்சுலின் போட்டு ரொம்பக் குறைப்பது குழந்தையின் எடையைக் குறைத்துவிடக்கூடும். அதனால் கர்ப்பத்துக்கு முன்பே லேசாக ஏறியிருந்த பழைய ரிப்போர்ட் இருந்தால், அதையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

பிரசவம் ஆனதும் சுகர் போய்விட்டது என்று விட்டுவிடுகிறோம். 6 வாரத்தில் ஒரு டெஸ்ட், அப்புறம் அவ்வப்போது. அம்மாவுக்கு டைப் 2 இருந்தால் இன்னும் முக்கியம்.

தங்கையைத் திரும்ப உள்ளே அனுப்பிக் கார்டைத் திருத்தச் சொன்னேன். அம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "பார்டர்னு போடச் சொல்லுடி!"