எங்கல் எது, யோடர் எது?

ஏ.பி. (பள்ளி மாணவர்கள் எழுதும் கல்லூரித் தரத் தேர்வு) வரிசையில் அமெரிக்க அரசாங்கத் தேர்வுக்குப் படித்தபோது என்னைப் பாடாய்ப் படுத்தியது உச்ச நீதிமன்ற வழக்குகள்தான். 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்கள், அது பரவாயில்லை. எழுத்துப் பகுதியில் ஒரு கேள்வி, புதிய வழக்கு ஒன்றைக் கொடுத்து, பாடத்தில் உள்ள வழக்கோடு ஒப்பிடச் சொல்லும். மாதிரித் தேர்வில் எங்கல் வழக்கைக் கேட்டிருந்தார்கள். நான் பக்கம் பக்கமாக யோடர் என்ற வேறொரு வழக்கின் கதையை எழுதிவைத்தேன்!

காரணம் நான் மனப்பாடத்துக்கு எழுதிவைத்த அட்டைகள். ஒரு பக்கம் வழக்கின் பெயர், மறுபக்கம் ஜெயித்தது யார். கேள்வியோ இரண்டு வழக்குக்கும் பொதுவான அரசியலமைப்புப் பிரிவைத்தான் கேட்கிறது.

சரி என்று அட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரிவைத் தலைப்பாக்கி அதன்கீழ் வழக்குகளை எழுதினேன். இரண்டுமே அரசியலமைப்பின் முதல் திருத்தம், மதம். ஆனால் அரசு மதத்தைத் திணிக்கக் கூடாது என்பது எங்கல் (1962): நியூயார்க் அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனை. மதத்தைப் பின்பற்றுவதைத் தடுக்கக் கூடாது என்பது யோடர் (1972): எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளை அனுப்ப மறுத்த விஸ்கான்சின் ஆமிஷ் (பழைய வாழ்க்கை முறையைப் பின்பற்றும் கிறிஸ்தவப் பிரிவு) பெற்றோர். பள்ளியில் பிரார்த்தனை, பள்ளிக்கு அனுப்பாதது என்று குழப்பிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் விடிந்தது.

பேக்கர், ஷா என்ற இரண்டு வழக்குகள் இன்னும் வம்பு. இரண்டும் தேர்தல் தொகுதி பிரிக்கும் விவகாரம், இரண்டும் 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு. டென்னசி மாநிலத்தின் பேக்கரில், தொகுதிப் பிரிப்பில் நீதிமன்றம் தலையிடலாமா என்பதே கேள்வி. வட கரோலினா மாநிலத்தின் ஷாவில், இன அடிப்படையில் தொகுதி எல்லைக் கோடு போட்டதுதான் பிரச்சினை. அப்புறம் அவற்றை நான் மாற்றி எழுதவில்லை.