கொதிகலன் அறைப் பராமரிப்பு: யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்குபவர்களுக்கு

அரிசி ஆலையிலோ ஹோட்டல் சலவைக்கூடத்திலோ கொதிகலன் பார்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? நெருப்பைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைப் பாருங்கள்.

காலையில் முதல் வேலை, நீர்மட்டக் கண்ணாடியைச் சோதிப்பது. மட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. துவாரம் அடைத்திருந்தால் கண்ணாடி பொய் காட்டும். கையுறை போட்டு, பக்கவாட்டில் நின்று, கண்ணாடியின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறவுங்கள். கண்ணாடியின் நீராவி வால்வை மூடினால் தண்ணீர் பாய வேண்டும். அதைத் திறந்துவிட்டு நீர் வால்வை மூடினால், கொதிகலனில் அமுக்கம் இருக்கும்போது, நீராவி சீற வேண்டும். அப்புறம் இரண்டையும் திறந்து வைத்து வடிகாலை மூடுங்கள். மட்டம் சட்டென்று ஏறி நிற்கும். மெல்ல மெல்ல ஏறினால் அடைப்பு இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் நெருப்பு மூட்ட வேண்டாம்.

எரியும்போது கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் பதறிப்போய்ப் பம்பைப் போடாதீர்கள். காய்ந்து சிவந்த இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். எரிபொருளையும் விசிறியையும் நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள், தானாக ஆற விடுங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. எங்கள் கிணறுகள் சுண்ணக்கல்லில் வெட்டியவை. கேத்திலின் அடியில் படியும் அதே வெள்ளைதான் கொதிகலன் குழாய்களிலும் படிகிறது. படிவு தடித்தால் வெப்பம் தண்ணீருக்குப் போகாது. விறகு வீணாகும், குழாய் சூடேறி வெடிக்கும். ஆகவே கிணற்று நீரை மென்னீராக்கியில் (நீரிலுள்ள சுண்ணாம்பை நீக்கும் கருவி) விட்டுத்தான் கொதிகலனுக்கு ஏற்ற வேண்டும். வெளிவரும் நீரில் சோதனைத் துளி விட்டுப் பாருங்கள்: நீலம் என்றால் நல்லது, சிவப்பு என்றால் உப்புக் கரைசல் விட்டு மென்னீராக்கியைப் புதுப்பிக்கும் நேரம் வந்துவிட்டது. கொதிகலனின் அடியில் சேரும் சேற்றை நாளாந்தம் வடித்துவிடுங்கள். வடிக்கும்போது உங்கள் கண் நீர்மட்டக் கண்ணாடியிலேயே இருக்கட்டும். வால்வைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போகாதீர்கள்.

பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறதென்று அதைக் கட்டுவதோ, அதில் பாரம் தொங்கவிடுவதோ கூடவே கூடாது. மன்னிக்க முடியாத வேலை அது.

மாரி மழையில் சாரல் அடிக்கிறதென்று சன்னல்களை அடைக்காதீர்கள். காற்றுக் குறைந்தால் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு சேரும், அதற்கு மணமே இல்லை. உமி மூட்டைகளை நனையாத வேறு கொட்டிலில் வையுங்கள். வாசலில் அடுக்க வேண்டாம்.

அமுக்கம், மட்டம், சோதனை முடிவு எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி பரிசோதிக்க வருபவரிடமும் அதைக் காட்டலாம். கொதிகலனுக்குள் இறங்கித் துப்புரவாக்கும் நாளில் நன்றாக ஆறவிட்டு, நீராவி, நீர் வால்வுகளைப் பூட்டி, காற்றைச் சோதித்த பிறகே இறங்குங்கள். வாசலில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.